அவரை வைத்த இடம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, வாலிபர் ஐக்கியத்துப் பையன் ஒருவன் வந்து நின்றான். "ஆன்ட்டி, நீங்க எருசலேம் போயிட்டு வந்தீங்கள்லா? அங்க இயேசுவோட கல்லறைன்னு ரெண்டு இருக்காம்லா. அதுல எது நெசம்?" என்று கேட்டான். சின்னக் கேள்விதான். நான் வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. "இன்னொரு நாள் உக்காந்து பேசுவோம் தம்பி" என்று அனுப்பிவிட்டேன். அவன் போனபிறகும் ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். பதில் தெரியாமல் இல்லை. இரண்டையும் பார்த்திருக்கிறேன், இரண்டு இடத்திலும் கையை வைத்திருக்கிறேன், திரும்பி வந்து கிடைத்ததை எல்லாம் வாசித்தும் இருக்கிறேன். "அப்போ நீங்க எங்க அழுதீங்க?" என்று அவன் அடுத்துக் கேட்டுவிடுவானோ என்கிற பயம்தான் வாயை அடைத்தது. 2019 பிப்ரவரியில் இருந்து எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டிருக்கிற விஷயம் இது. எழுதிப் பார்க்கிறேன்.

அம்மா கேட்டது

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், நாசரேத்துக்குப் பக்கம். வீட்டில் யாராவது "நாசரேத்துக்குப் போயிட்டு வாரேன்" என்றால் மருந்து வாங்கவோ ரயில் பிடிக்கவோ போகிறார்கள் என்று அர்த்தம். வேதத்தில் வருகிற ஊரின் பெயரைத் தினமும் பஸ் போர்டில் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, அந்த இடங்கள் எல்லாம் எங்கோ தூரத்தில் இருப்பதாகச் சின்ன வயதில் எனக்குத் தோன்றியதே இல்லை. கல்லறையும் அப்படித்தான். சபையார் அடக்கம்பண்ணப்படுகிற இடத்துக்கு எங்கள் பக்கம் கல்லறைத் தோட்டம் என்றே பெயர். உயிர்த்தெழுந்த ஞாயிறு விடியுமுன் ஊரே அங்கேதான் கூடும். வெள்ளையடித்த கல்லறைகள் மேல் மெழுகுவர்த்தி எரியும், பனைமரங்களுக்குப் பின்னால் வானம் வெளுக்கும், ஐயர் வேதத்தை விரித்து வாசிப்பார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். "அவர் சிலுவையில் அறையப்பட்ட இடத்தில் ஒரு தோட்டமும், அந்தத் தோட்டத்தில் ஒருக்காலும் ஒருவனும் வைக்கப்பட்டிராத ஒரு புதிய கல்லறையும் இருந்தது" என்று யோவான் எழுதியதைக் கேட்கும்போதெல்லாம் என் மனசில் வருவது எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம்தான். அதில் மூன்றாவது வரிசையில் என் அப்பா இருக்கிறார்.

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எருசலேம் போக வேண்டும் என்று பல வருடம் பேசிக்கொண்டே இருந்தார்கள். பணம் சேர்ந்தபோது அப்பா இல்லை. நான் போகிற வாய்ப்பு வந்தபோது அம்மாவுக்கு 78 வயது, மூட்டு விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் யோர்தான் தண்ணீர் கேட்டார்கள், ஒலிவ மரத்தில் செய்த சிலுவை கேட்டார்கள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. புறப்படுகிற அன்றைக்கு மட்டும் கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "ஏட்டி, எனக்கு ஒண்ணும் வாங்கிட்டு வர வேண்டாம். அவர வச்ச எடத்துல எனக்காக ஒரு தடவ கைய வச்சிட்டு வா. அது போதும்."

கல்லும் தண்ணீரும்

எங்கள் குழுவில் 42 பேர், இரண்டு ஐயர்மார். எகிப்து, சீனாய், தாபா எல்லை என்று இங்கிருந்து போகிற எல்லாக் குழுக்களும் போகிற அதே வழி. கலிலேயாவில் இரண்டு நாள் இருந்தோம். அங்கே இருந்தவரை எனக்கு எந்தக் கேள்வியும் வரவில்லை. ஏரி ஏரிதான். கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, மலைகளுக்கு நடுவே, காலையில் அசையாமல் கிடக்கிறது. 1986இல் வறட்சி வந்து தண்ணீர் உள்வாங்கியபோது, சேற்றுக்குள்ளிருந்து ஏறக்குறைய 2,000 வருடம் பழைய படகு ஒன்று கிடைத்தது. கெனேசரேத்துக் கரையில் அதைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 8 மீட்டர் சொச்சம் நீளம். பல மரங்களின் துண்டுகளை ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். ஏழை மீனவர்களின் படகு என்பது பார்த்தாலே தெரிகிறது. மணப்பாட்டுக் கரையில் வள்ளங்களைப் பார்த்தவள் நான். அதன் முன்னால் நின்றபோது, இது பேதுருவின் படகா என்று கேட்கத் தோன்றவே இல்லை. அவர்கள் இப்படிப்பட்ட ஒன்றில்தான் ஏறினார்கள், இந்தத் தண்ணீரில்தான் பயந்தார்கள். அது போதுமாக இருந்தது.

எருசலேமில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வோர் இடத்தின் மேலும் ஓர் ஆலயம், அதற்கடியில் இன்னோர் ஆலயம், அதற்கடியில் இடிபாடு. முதல் நாள் மத்தியானம் கடைத்தெரு வழியாகத் திருக்கல்லறை ஆலயத்துக்குக் கூட்டிப்போனார்கள். மஞ்சள், ஏலக்காய், பிளாஸ்டிக் பொம்மை, டீசர்ட் எல்லாவற்றையும் தாண்டித் திடீரென்று ஒரு முற்றம். உள்ளே நுழைந்ததும் இருட்டும் தூபப் புகையும் கூட்டமும். வாசலுக்கு நேரே தரையில் ஒரு சிவந்த கல், அவருடைய சரீரத்தைக் கிடத்திச் சுகந்தவர்க்கம் இட்ட இடம் என்று சொல்லுகிறார்கள். இப்போதிருக்கிற கல் 1810இல் வைத்தது. செங்குத்தான படியேறினால் கொல்கொதா, அவரைச் சிலுவையில் அறைந்த இடம். பீடத்துக்கு அடியில் மண்டியிட்டு ஒரு துளைக்குள் கையைவிட்டால் பாறை தட்டுப்படும். அதற்கும் வரிசை. கிரேக்கர், கத்தோலிக்கர், அர்மீனியர், கோப்தர், எத்தியோப்பியர், சிரியர் என்று ஆறு சபையார் ஒரே கூரைக்குக் கீழே. எந்த விளக்கு யாருடையது, எந்தப் படியை யார் பெருக்க வேண்டும் என்பதுவரை 1852இல் ஓட்டோமான் சுல்தான் உறுதிப்படுத்திய ஏற்பாட்டின்படிதான் இன்றைக்கும் நடக்கிறது. முகப்பில் ஜன்னலுக்குக் கீழே சாத்தியிருக்கிற ஒரு மர ஏணியைக்கூட எல்லாரும் சம்மதிக்காமல் எடுக்க முடியாது என்பதால், 18ஆம் நூற்றாண்டுப் படங்களிலேயே இருக்கிற அது இன்னும் அங்கேயே நிற்கிறது. கதவைத் திறந்து மூடுகிற பொறுப்பு தலைமுறை தலைமுறையாக இரண்டு இஸ்லாமியக் குடும்பங்களிடம் இருக்கிறது.

இதையெல்லாம் போவதற்கு முன்பே கேள்விப்பட்டிருந்தேன். நேரில் பார்த்தபோது மனசு சுருங்கிப்போனது. ஞாயிறு பள்ளிப் படத்தில் பார்த்த பச்சை மலையைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சுவரும் ஒரு மரச் சிலுவையுமாக இருக்கிற ஆலயத்தில் வளர்ந்தவள். இத்தனை தங்கமும் விளக்கும் படங்களும் எனக்கும் அவருக்கும் நடுவில் திரை போட்டதுபோல் இருந்தது. கல்லறையின் மேல் கட்டியிருக்கிற மண்டபத்தைச் சுற்றி வரிசை இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. எங்களைக் கூட்டிப்போன பயண நிறுவனம் கொடுத்தது முக்கால் மணி நேரம். வரிசையை ஒழுங்குபண்ணிய ஒரு துறவி உரக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் நின்ற இடத்தில் இருந்து மண்டபத்தின் வாசல் தெரிந்தது, அவ்வளவுதான். நேரமாகிவிட்டது என்று எங்கள் வழிகாட்டி கொடியைத் தூக்கிக் காட்டினார். அம்மா கேட்ட ஒரே காரியத்தைச் செய்யாமல் வெளியே வந்தேன். அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் போனில் பேசும்போது அதைச் சொல்லவில்லை.

தோட்டத்தில்

மறுநாள் காலை தோட்டக் கல்லறைக்குப் போனோம். தமஸ்கு வாசலுக்கு வெளியே, சில நிமிட நடைதான். உள்ளே போனதும் சத்தம் அடங்கிவிடுகிறது. கல் பாவிய பாதை, பூச்செடிகள், பைன் மரங்கள். ஒரு பக்கம் மண்டை ஓடு போலத் தெரிகிற பாறைச் சரிவு. 1883இல் எருசலேமில் இருந்த ஆங்கிலேயத் தளபதி சார்லஸ் கார்டன், கொல்கொதா இதுதான் என்று அடித்துச் சொன்னது அந்தப் பாறையைப் பார்த்துத்தான். 1894இல் இங்கிலாந்தில் ஒரு சங்கம் அமைத்து நிலத்தை வாங்கினார்கள். சீர்திருத்தச் சபையாராகிய நாங்கள் எல்லாரும் அங்கே போய்த்தான் மூச்சு விடுகிறோம்.

ஒரு கொட்டகையின் கீழ் எங்களுக்குத் திருவிருந்து நடந்தது. ஒலிவ மரத்தில் கடைந்த சின்னக் கிண்ணத்தில் திராட்சரசம். ஐயர் யோவான் 20ஆம் அதிகாரத்தைத் தமிழில் வாசித்தார். அந்த ஊரில், அந்தக் குளிரில், எங்கள் ஊர் ஐயர் விடியற்காலையில் வாசிக்கிற அதே ராகத்தில். ஈஸ்டர் பாமாலை ஒன்றைப் பாடினோம். பிறகு வரிசையாகக் கல்லறைக்குள் போனோம். பாறையில் குடைந்த வெறும் அறை. விளக்கு இல்லை, தங்கம் இல்லை. உள்ளே வலப்பக்கம் ஆள் படுக்கிற அளவுக்கு வெட்டிய இடம், வெறுமையாக. சுவரில் கையை வைத்தேன். "அம்மாவுக்காக" என்று சொன்னேன். அப்பாவை எடுத்துக்கொண்டுபோன நாளில்கூட அப்படி அழுததில்லை. எனக்குப் பின்னால் நின்ற டீச்சரம்மா, சாயர்புரத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், என் தோளைப் பிடித்துக்கொண்டே வெளியே கூட்டி வந்தார். வெளியே வரும்போது கதவில் எழுதியிருப்பது கண்ணில் பட்டது: அவர் இங்கே இல்லை, உயிர்த்தெழுந்தார். அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். "தொட்டுட்டேன்மா." அந்தப் பக்கம் அம்மா ஒன்றும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் வினை. எங்கள் வழிகாட்டி பெத்லகேமைச் சேர்ந்த அரபுக் கிறிஸ்தவர், பொறுமையான மனிதர். சும்மா பேச்சுவாக்கில் அவரிடம் கேட்டேன்: இரண்டில் எது? அவர் கொஞ்சம் தயங்கினார். நான் வற்புறுத்தினேன். அந்தத் தோட்டக் கல்லறை இயேசுவின் காலத்தைவிட ரொம்பப் பழையது, இஸ்ரவேலிலும் யூதாவிலும் ராஜாக்கள் ஆண்ட காலத்தது என்று சொன்னார். இஸ்ரேலியத் தொல்லியல் அறிஞர் கேப்ரியல் பார்க்காய் அதை ஆராய்ந்து கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளில் வெட்டியது என்று முடிவுசெய்திருக்கிறார். பக்கத்திலேயே டொமினிக்கன் துறவிகளின் வளாகத்திலும் அதே காலத்துக் கல்லறைகள் இருக்கின்றன. ஒருவனும் வைக்கப்பட்டிராத புதிய கல்லறையாக அது இருந்திருக்க முடியாது. தோட்டத்தைப் பராமரிக்கிறவர்களே இதுதான் அந்த இடம் என்று சாதிப்பதில்லை, நேர்மையானவர்கள், என்றும் சொன்னார். எங்களுக்குச் சுற்றிக்காட்டிய பெரியவரும் காலையில் அதையேதான் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் காதில் ஏறவில்லை.

பழைய ஆலயத்தின் பக்கம் இருக்கிற நியாயத்தையும் அவர் சொன்னார். நகரத்துக்குள் இருக்கிறதே, வேதம் வெளியே என்றல்லவா சொல்லுகிறது என்று கேட்டேன். "நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார்" என்று எபிரெயர் நிருபத்தில் தெளிவாக இருக்கிறது. இப்போது அது உள்ளே இருக்கிறது, அப்போது வெளியேதான் இருந்தது என்றார். வடக்கே மதிலை விரித்து அந்த இடத்தை உள்ளே சேர்த்தது ஏரோது அகிரிப்பா, சிலுவை மரணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து. பிறகு ரோமப் பேரரசன் ஹாட்ரியன் 2ஆம் நூற்றாண்டில் அங்கே மண்ணைக் கொட்டி மேடாக்கிக் கோயில் கட்டினான். 4ஆம் நூற்றாண்டில் பேரரசன் கான்ஸ்டன்டைன் காலத்தில் கல்லறையைத் தேடியபோது, உள்ளூர்ச் சபையார் காட்டியது நகரத்தின் நடுவில், ஒரு பெரிய கோயிலுக்கு அடியில் இருந்த இடத்தை. பொய்யாக ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும் என்றால், வேதத்துக்குப் பொருந்துகிற மாதிரி மதிலுக்கு வெளியே வசதியான நிலத்தைக் காட்டியிருக்கலாமே? கோயிலை இடித்து மண்ணை அள்ளினார்கள், குகை இருந்தது. 335இல் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார்கள். 1009இல் கலீபா அல்-ஹாக்கிம் அதைத் தரைமட்டமாக்கினார், பாறையையும் உடைத்தார்கள். திரும்பக் கட்டினார்கள். 1808இல் எரிந்தது. திரும்பவும் கட்டினார்கள்.

அவர் சொல்லச் சொல்ல எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது. அம்மாவிடம் சொன்னது பொய்யாகிவிட்டது. அதைவிடப் பெரிய வேதனை, நான் அழுதது. அந்த அழுகை எனக்குத் தெரியும், அதில் நடிப்பு இல்லை, ஆண்டவர் என் பக்கத்தில் நின்றார் என்று இன்றைக்கும் சொல்லுவேன். ஆனால் வேறு யாரோ ஒரு யூதேயாக்காரனின் கல்லறையில் அல்லவா நின்று அழுதிருக்கிறேன்? அப்படியானால் அது என்ன? இடம் அழகாக இருந்தது, பாட்டு நன்றாக இருந்தது, ஊர் ஞாபகம் வந்தது, அதனால் வந்த கண்ணீரா? ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

விடியுமுன்

கடைசி நாள் காலை, ஜெரிகோவுக்குப் பஸ் புறப்படுவது எட்டு மணிக்கு. டீச்சரம்மாவிடம் ராத்திரியே கேட்டு வைத்திருந்தேன். "நானும் வாரேன், தனியா போவாத" என்றார். நான்கரைக்கு விடுதியில் இருந்து இறங்கினோம். லேசான தூறல். தமஸ்கு வாசலில் ஒருவர் எள்ளு தூவிய வட்ட ரொட்டிகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கடைகள் எல்லாம் இரும்புக் கதவு போட்டு மூடியிருந்தன. முந்தாநாள் இடித்துத் தள்ளிக்கொண்டு நடந்த அதே தெருவில் எங்கள் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. ஈரமான கல் வழுக்கும் என்று டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆலயம் திறந்திருந்தது. உள்ளே பதினைந்து இருபது பேர்தான். கல்லறை மண்டபத்துக்குள் ஏதோ ஒரு சபையாரின் பூசை நடந்துகொண்டிருந்தது, முடிந்ததும் விடுவார்கள், காத்திருங்கள் என்று கைகாட்டினார்கள். காத்திருக்கிற நேரத்தில் மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனோம். மேற்கே சிரியச் சபையாரின் சிற்றாலயம் ஒன்று. பெயர்தான் ஆலயம். பூச்சு உதிர்ந்து, சுவர் எல்லாம் கரி படிந்து, எரிந்துபோன வீடு மாதிரி இருந்தது. அதன் ஒரு மூலையில் தாழ்வான பொந்து போல ஒரு வழி. டீச்சரம்மா போன் டார்ச்சை அடித்தார். குனிந்து உள்ளே போனேன்.

பாறை. வெறும் பாறை. அதில் உள்ளே நீள்கிற குழிகள், ஒரு ஆளைத் தலைமுதல் கால்வரை உள்ளே தள்ளி வைக்கிற அளவுக்கு வெட்டியவை. இயேசுவை அடக்கம்பண்ணின அரிமத்தியா யோசேப்பும் நிக்கொதேமுவும் அங்கே வைக்கப்பட்டார்கள் என்பது பாரம்பரியம். அது எப்படியோ. ஆனால் அந்த வகைக் குழிகள் இயேசுவின் நாட்களில் யூதர்கள் வெட்டியவை என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம் இல்லை. யூதர்கள் மதிலுக்குள் பிணத்தை வைக்க மாட்டார்கள். அப்படியானால் இந்த விளக்குகளும் தூண்களும் வருவதற்கு முன்னால், இந்த இடம் ஊருக்கு வெளியே இருந்த ஓர் இடுகாடு. அந்தப் பாறையைத் தடவிக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு நாளாக நான் ஒற்றைக் கல்லறையைத் தேடிக்கொண்டிருந்தேன். அவரை வைத்தது ஒரு கல்லறைத் தோட்டத்தில். அக்கம்பக்கத்தில் மற்றவர்கள் இருந்தார்கள். யாருடைய அப்பாவோ, யாருடைய பிள்ளையோ. எங்கள் ஊரில் மூன்றாவது வரிசையில் அப்பாவுக்கு வலப்பக்கம் நாட்டு மருத்துவர், இடப்பக்கம் பிறந்த ஒன்பதாம் நாள் போன ஒரு குழந்தை. அதுபோல. சாவுக்குள் போனவர் எல்லாரும் போகிற இடத்துக்குத்தான் போயிருக்கிறார். இதை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பக்கத்துக் குழிகளைப் பார்க்கும்வரை எனக்கு அது புரிந்ததே இல்லை.

பிறகு மண்டபத்துக்குள் விட்டார்கள். முன் அறையைத் தாண்டிக் குனிந்துதான் போக வேண்டும், வாசல் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான். உள்ளே மூன்று நான்கு பேர் நிற்கலாம். வலப்பக்கம் வெள்ளைச் சலவைக்கல். 2016 அக்டோபரில் ஏதென்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் பழுதுபார்க்கும்போது அந்தக் கல்லை நகர்த்தினார்கள். அடியில் சிலுவை கீறிய சாம்பல் நிற உடைந்த பலகைக்கல் ஒன்றும், அதற்கும் அடியில் சுண்ணாம்புப் பாறையில் வெட்டிய படுக்கையும் இருந்தன. அந்தப் பாறைக்கும் சாம்பல் கல்லுக்கும் நடுவிலிருந்த சாந்தைச் சோதித்ததில் ஏறக்குறைய 345ஆம் வருடம் என்று வந்தது. கான்ஸ்டன்டைன் காலத்துக் கொத்தனார் பூசிய சாந்து அத்தனை இடிப்புக்கும் தீக்கும் தப்பி அங்கேயே இருந்திருக்கிறது. இப்போது சுவரின் சலவைக்கல்லில் ஒரு சின்னச் சதுரம் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதன் வழியாகப் பின்னால் இருக்கிற பாறை தெரிகிறது. மண்டியிட்டேன். கல்லில் இரண்டு கையையும் வைத்தேன். "அம்மாவுக்காக" என்று மறுபடியும் சொன்னேன். அப்பா பெயரையும் சொன்னேன். வெளியில் இருந்து ஒருவர் தட்டினார், எழுந்தோம். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

முற்றத்துக்கு வந்து படியில் உட்கார்ந்து டீச்சரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தப்பான இடத்தில் அழுதேன், சரியான இடத்தில் கல்லு மாதிரி இருந்தேன், எனக்கு என்னமோ கோளாறு என்றேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பையில் இருந்து வேதத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். மகதலேனா மரியாள் அழுதுகொண்டு நிற்கிற இடம். "ஸ்திரீயே, ஏன் அழுகிறாய்?" "என் ஆண்டவரை எடுத்துக்கொண்டுபோய்விட்டார்கள், அவரை வைத்த இடம் எனக்குத் தெரியவில்லை." அங்கே நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அவளுக்கும் எடம் தெரியலம்மா. பக்கத்துல நின்னவரையே தோட்டக்காரன்னுதான நெனச்சா. அதுக்காக அவரு பேரச் சொல்லிக் கூப்பிடாம இருந்தாரா?"

சின்ன வயதில் இருந்து மனப்பாடமாகத் தெரிந்த அதிகாரம். முந்தின நாள் தோட்டத்தில் ஐயர் வாசித்ததும் அதேதான். மரியாளின் கண்ணீர் முழுக்க முழுக்கத் தப்பான தகவலின் பேரில் வந்த கண்ணீர் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். அவள் நினைத்தது எதுவும் நடக்கவில்லை. யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. நின்றவர் தோட்டக்காரர் இல்லை. அவளுடைய அழுகை மட்டும் நிஜம், அந்த அழுகைக்குள்தான் அவர் வந்தார்.

வாசித்தபிறகு

ஊர் திரும்பிய பிறகு நிறைய வாசித்தேன். இந்தச் சண்டை எனக்கு முன்னால் 1,600 வருடமாக நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தபோது ஆறுதலாக இருந்தது. நிசாவின் பேராயர் கிரகோரி 4ஆம் நூற்றாண்டில் எருசலேம் போய்வந்து, யாத்திரை போகாதிருங்கள் என்றே ஒரு கடிதம் எழுதினார். அந்த இடங்களைப் பார்த்ததால் தம்முடைய விசுவாசம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்கிறார். இடம் மாறினால் தேவனுக்குக் கிட்டே போய்விட முடியாது என்கிறார். எரோனிமுஸ் பெத்லகேமிலேயே குடியிருந்து வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்தவர். அவரே ஒரு நண்பருக்கு, பரலோகத்தின் வாசல் எருசலேமில் இருந்தும் பிரித்தானியாவில் இருந்தும் ஒரே மாதிரி திறந்திருக்கிறது என்று எழுதினார். நாசரேத் பக்கத்தில் இருந்தும்தான் என்று எனக்கு நானே சேர்த்துக்கொண்டேன். ஆனாலும் அவர் பெத்லகேமை விட்டுப் போகவில்லை, 420இல் அங்கேயே இறந்தார்.

கிரகோரியின் பக்கம் நியாயம் இருக்கிறது, என் சபைப் பழக்கமும் அந்தப் பக்கம்தான். ஆனால் என் மனசு போய் ஒட்டிக்கொண்டது எகேரியாவிடம். 380களில் மேற்கே ஐரோப்பாவின் ஓரத்தில் இருந்து புறப்பட்டு எருசலேமுக்கு வந்த பெண். வர முடியாத தன் சகோதரிகளுக்காகப் பார்த்ததை எல்லாம் எழுதி வைத்தாள். பெரிய வெள்ளி அன்று சிலுவையின் மரத்தை முத்தமிட வருகிறவர்களைச் சுற்றி உதவிக்காரர்கள் காவல் நிற்பார்களாம். ஏன் என்றால், முன்னொரு தரம் யாரோ ஒருவர் முத்தமிடுகிற சாக்கில் பல்லால் ஒரு துண்டைக் கடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அந்த ஆளை நினைத்தால் எனக்குக் கோபம் வரவில்லை. ஊரில் யார் அவருக்காகக் காத்திருந்தார்களோ? அதே கல்லறையின் வாசலில் ஒவ்வொரு ஞாயிறும் சேவல் கூவுகிற நேரத்தில் சுவிசேஷம் வாசிக்கும்போது, கல்நெஞ்சக்காரனும் அழும்படி ஜனங்கள் புலம்புவார்கள் என்றும் அவள் எழுதியிருக்கிறாள். நான் வறண்ட கண்ணோடு எழுந்துவந்த அதே இடத்தில் அத்தனை பேர் அழுதிருக்கிறார்கள். அவர்களுடைய அழுகையும் அங்கே கிடந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

இன்னொன்று. தோட்டத்துக் கதவில் எழுதியிருந்தது ஒரு வசனத்தின் முன்பாதி. மத்தேயுவில் தூதன் அதோடு நிறுத்தவில்லை. "அவர் இங்கே இல்லை, தாம் சொன்னபடியே உயிர்த்தெழுந்தார், கர்த்தரை வைத்த இடத்தை வந்து பாருங்கள்." இங்கே இல்லை என்கிற அதே வாயால் வந்து பாருங்கள் என்றும் சொல்லுகிறான். எங்கள் பக்கத்தார் முன்பாதியைப் பிடித்துக்கொண்டோம். விளக்கேற்றி, மர ஏணியைக்கூட நகர்த்தாமல் சண்டை போட்டுக்கொண்டு காவல் இருக்கிற அந்த ஆறு சபையார் பின்பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் இத்தனை நூற்றாண்டு விடாமல் பிடித்துக்கொண்டிருக்காவிட்டால், அந்தக் கரி படிந்த மூலைக்குள் டார்ச் அடித்துப் பார்க்க எனக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. முதல் நாள் அவர்களைப் பற்றி மனசுக்குள் நினைத்ததற்காக வெட்கப்படுகிறேன். அந்தப் பையனுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும். நெசம் எது என்று கேட்டால் பழைய ஆலயம்தான் என்று தயங்காமல் சொல்லுவேன். தோட்டத்துக்கும் கட்டாயம் போ என்றும் சொல்லுவேன்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். முதலில் தொட்டது அந்த இடம் இல்லையாம், பிறகு போய் வேறு ஓர் இடத்தில் தொட்டேன் என்று விவரமாகச் சொன்னேன். பெண்கள் ஐக்கியத்தில் எல்லாரிடமும் என் மகள் தொட்டுவிட்டாள் என்று அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தாள், வருத்தப்படுவாளோ என்று பயந்தேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ரெண்டாவது எடத்துல குனிஞ்சா போன?"

"ஆமாம்மா. நல்லாக் குனியணும்."

"ம். யோவானும் குனிஞ்சுதாம்லா பாத்தான்" என்றாள். பிறகு, "கல்லு எப்படி இருந்துச்சி?"

"மேல போட்டிருக்க சலவைக்கல்லு வழுவழுன்னு இருந்துச்சும்மா. பின்பக்கத்துல இருந்த பாறைதான் சொரசொரன்னு, நம்ம தோட்டத்துக் கெணத்துக்குள்ள இருக்குமே, அது மாதிரி. உளி போட்ட தடம்கூடக் கைக்குத் தெரிஞ்சுது."

அம்மா என் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையை விரித்து, கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே, "சில்லுன்னு இருந்துச்சா?" என்று கேட்டாள்.